ஆண்டுக்கு மூன்றரை நாள்: நியூசிலாந்தில் கடை மூடும் சட்டம்

நியூசிலாந்தில் ஆண்டுக்கு 12 பொது விடுமுறைகள். பதினொன்று நாடு முழுவதற்கும் பொது. பன்னிரண்டாவது அந்தந்த வட்டாரத்தின் ஆண்டு விழா. ஆனால் கடைகளைப் பூட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்வது மூன்றரை நாளுக்கு மட்டும்தான்: புனித வெள்ளி, ஈஸ்டர் ஞாயிறு, கிறிஸ்துமஸ், அப்புறம் போரில் மடிந்த வீரர்களை நினைவுகூரும் ஏப்ரல் 25 அன்சாக் நாளில் மதியம் 1 மணி வரை. இதிலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. இந்த நான்கில் ஈஸ்டர் ஞாயிறு பொது விடுமுறைப் பட்டியலிலேயே கிடையாது. விடுமுறை இல்லாத நாளில் கடை மூடியிருக்கும்; விடுமுறை நாட்கள் பலவற்றில் கடை திறந்திருக்கும்.

பொது விடுமுறையில் வணிக நிறுவனங்கள் மூட வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரு நாட்டை எடுத்து ஆராய வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் பொதுவாகச் சொல்லப்படும் எல்லாப் பதில்களும் இங்கே ஒரே சமயத்தில் நடப்பில் இருக்கின்றன. இரண்டு நாட்களுக்கு முழுத் தடை. ஒரு நாளுக்கு அரைத் தடை. ஒரு நாளுக்கு, உள்ளூர் மன்றம் விரும்பினால் திறக்கலாம். மீதி ஒன்பது பொது விடுமுறைகளுக்கு, திறந்துகொள், ஆனால் வேலை செய்பவருக்குக் கூடுதலாகக் கொடு. ஒவ்வொன்றும் நடைமுறையில் என்ன செய்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

இந்த விவாதம் வரும்போதெல்லாம் கடைக்காரரின் உரிமை, வாடிக்கையாளரின் வசதி, மதத்தின் புனிதம் என்று மூன்று பக்கமும் பேசுகிறார்கள். கல்லாவில் நிற்பவரை யாரும் கேட்பதில்லை. நான் இந்தக் கேள்வியை அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கிறேன். "அன்றைக்கு நான் வர மாட்டேன்" என்று அவரால் பயமில்லாமல் சொல்ல முடிகிறதா? எனக்கு முக்கியமான கேள்வி அதுதான்.

எப்படி மூன்றரைக்கு வந்தது

1840-இல் வெலிங்டன் பகுதியில் வந்து இறங்கிய சாமுவேல் பார்னெல் என்ற தச்சரிடம் ஜார்ஜ் ஹன்டர் என்பவர் ஒரு கட்டடம் கட்டித் தரச் சொன்னார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை செய்வேன் என்றார் பார்னெல். தச்சர்கள் குறைவாக இருந்த காலம். ஹன்டருக்கு வேறு வழியில்லை. எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்தின் தொடக்கமாக அந்த நாடு இதைத்தான் சொல்கிறது. கட்டச் சொன்ன கட்டடம் எது தெரியுமா? சரக்கு வைக்கும் ஒரு கடை. 1890 அக்டோபரில் முதல் தொழிலாளர் நாள் ஊர்வலம் நடந்தது; 1899-இல் சட்டப்படி விடுமுறையானது. இன்று அந்தத் தொழிலாளர் நாளில் கடைகள் திறந்திருக்கின்றன. எட்டு மணி நேரத்தை வென்ற நாளை நினைவுகூரும் விடுமுறையில், கடை ஊழியர் ஷிப்டுக்குப் போகிறார். இதைப் படித்தபோது எனக்கு மனது கனத்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைமை நேர் எதிராக இருந்தது. பெரும்பாலான கடைகள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மூடிக் கிடந்தன. 1980-இல் சனிக்கிழமை விற்பனைக்கு வழி திறந்தது. 1990-இல் ஞாயிறும் திறந்தது. அந்த 1990 சட்டத்துக்கு அப்போது வைத்த பெயரே கடை நேரச் சட்டத்தை நீக்கும் சட்டம் என்பதுதான். கட்டுப்பாடுகளை மொத்தமாகத் துடைத்துவிட வந்த சட்டம், ஒரே ஒரு பிரிவில் இந்த மூன்றரை நாளை மட்டும் விட்டுவைத்தது. அதற்குப் பிறகு நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதாக்கள் பல தடவை வந்து இதையும் தளர்த்தப் பார்த்தன. கட்சிக் கட்டளை இல்லாமல் மனச்சாட்சிப்படி வாக்களிக்கும் விஷயம் என்பதால் பெரும்பாலும் தோற்றன. தேவாலயங்களும் தொழிற்சங்கங்களும் ஒரே பக்கம் நின்றன.

எந்தக் கடைக்கு விலக்கு

தடை என்றால் எல்லாமே நின்றுவிடாது. மருந்துக் கடை, பெட்ரோல் பங்க், உணவகம், காபிக் கடை, பார்சல் உணவுக் கடை, நினைவுப் பொருள் கடை இவற்றுக்கு விலக்கு உண்டு. தெருமுனைச் சிறு கடைக்கும் உண்டு. அதற்குச் சட்டம் வைத்திருக்கும் அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே விற்பது மறுநாள் வரை தள்ளிப்போட முடியாத பொருளாக இருக்க வேண்டும். இருப்பும் அந்த வட்டாரத்து மக்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் தேவையான அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. குழந்தைக்குப் பால் வேண்டும், காய்ச்சலுக்கு மாத்திரை வேண்டும் என்றால் கிடைக்கும். சோபா வாங்க நாளைக்கு வரலாம். சூப்பர் மார்க்கெட்டுக்கு விலக்கு இல்லை. முடிதிருத்தும் கடை போலச் சேவை மட்டும் தருபவை இந்தச் சட்டத்துக்குள்ளேயே வராது, ஏனென்றால் அது பொருள் விற்கும் இடங்களுக்கான சட்டம்.

கோடு எங்கே போட்டாலும் அதன் ஓரத்தில் நிற்பவர் தகராறு செய்வார். இங்கே அது செடி விற்கும் நர்சரிகள். தென்கோளத்தில் ஈஸ்டர் வருவது இலையுதிர் காலத்தில். செடி நட நல்ல பருவம், மக்களுக்கு நான்கு நாள் தொடர் ஓய்வு. நர்சரிகளுக்கு இதைவிட நல்ல வியாபார நாள் இல்லை. 2001-இல் ஈஸ்டர் ஞாயிறுக்கு மட்டும் அவற்றுக்கு விலக்குக் கிடைத்தது. புனித வெள்ளிக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் சில நர்சரிகள் புனித வெள்ளியிலும் திறந்து, அபராதத்தைக் கட்டிவிட்டுப் போயின. அதிகபட்ச அபராதம் 1,000 டாலர். நாள் முழுக்க வண்டி வண்டியாகச் செடி விற்கும் இடத்துக்கு 1,000 டாலர் என்பது தண்டனையே இல்லை, திறப்பதற்கான கட்டணம். சட்டத்தை மதித்து மூடியவர்தான் அன்று நஷ்டப்பட்டவர். மூடச் சொல்லும் சட்டம் எழுதுபவர்கள் முதலில் கவனிக்க வேண்டிய ஓட்டை இதுதான். அபராதம் ஒரு நாள் லாபத்தைவிடக் குறைவாக இருந்தால், அந்தச் சட்டம் நாணயமானவரை மட்டுமே கட்டுப்படுத்தும்.

போலந்து வேறு மாதிரி கோடு போட்டது. 2007 முதல் பொது விடுமுறைகளில் கடைகளில் ஊழியரை வேலை வாங்குவதற்குத் தடை. முதலாளி தானே நின்று விற்கலாம். நியூசிலாந்து கடையைப் பூட்டச் சொல்கிறது. போலந்து ஊழியரை வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. யாருடைய ஓய்வைக் காக்கிறோம் என்று பார்த்தால் போலந்தின் வழிதான் நேரானது. ஆனால் 2018-இல் ஞாயிறுகளையும் சேர்த்து அங்கே வந்த சட்டத்தில் அஞ்சல் சேவை தரும் இடங்களுக்கு விலக்கு இருந்தது. உடனே சங்கிலிக் கடைகள் பார்சல் வாங்கிக் கொடுத்து, தாங்களும் அஞ்சல் நிலையம்தான் என்றன. கடைசியில் வருமானத்தில் குறைந்தது 40 விழுக்காடு அஞ்சலிலிருந்து வந்தால்தான் விலக்கு என்று 2022 பிப்ரவரி முதல் திருத்த வேண்டியதாயிற்று. விலக்குப் பட்டியலை எவ்வளவு சுருக்கமாக எழுதுகிறோமோ அவ்வளவு நல்லது.

ஈஸ்டர் ஞாயிறு: ஊர் முடிவு செய்யட்டும்

நியூசிலாந்துக்குத் திரும்புவோம். ரோட்டோருவா வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர் பெற்ற சுற்றுலா ஊர். ஈஸ்டர் விடுமுறையில் ஊர் நிறைந்து வழியும், கடைகள் மூடியிருக்கும். அதே சமயம் தவுப்போ, குயின்ஸ்டவுன் போன்ற ஊர்களுக்கு 1990-க்கு முன்பே வாங்கிய பழைய விலக்கு ஆணைகள் இருந்தன. அவை தொடர்ந்து செல்லுபடியாயின. ஒரே மாதிரி ஊர், ஒரே மாதிரி கூட்டம், ஒன்று திறக்கலாம், ஒன்று திறக்கக் கூடாது. ரோட்டோருவா கடைக்காரர்களின் ஆதங்கம் நியாயமானதுதான்.

2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஈஸ்டர் ஞாயிறில் கடை திறக்கலாமா என்பதை இனி ஒவ்வொரு உள்ளாட்சி மன்றமும் தீர்மானிக்கலாம். மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். தன் எல்லை முழுவதற்கும் அனுமதிக்கலாம் அல்லது ஒரு பகுதிக்கு மட்டும் அனுமதிக்கலாம். ஆனால் இந்த வகைக் கடை திறக்கலாம், அந்த வகை கூடாது என்று பிரிக்க முடியாது. காலை மட்டும் திற என்று நேரமும் போட முடியாது. ரோட்டோருவா அனுமதித்தது. அனுமதிக்காத மன்றங்களும் உண்டு. மதுவுக்கான சட்டம் தனி என்பதால், திறந்திருக்கும் சூப்பர் மார்க்கெட்டிலும் அன்று மதுவை விற்க இந்தத் திருத்தம் வழிசெய்யவில்லை.

சுற்றுலா ஊருக்கு ஒரு முறை, மற்ற ஊருக்கு வேறு முறை என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்து மன்றம் அனுமதித்துவிட்டால் இந்த ஊர்ப் பணம் அங்கே போகிறது. அடுத்த முறை இந்த மன்றத்தின் கதவைக் கடைக்காரர்கள் தட்டுவார்கள். போட்டி கடைகளுக்கு நடுவில் இருந்தது போய் ஊர்களுக்கு நடுவில் வந்துவிடும். திறக்கச் சொல்லும் அழுத்தம் மட்டும் ஒரே திசையில் நகரும் என்பது என் கணிப்பு.

இந்தத் திருத்தத்தில் உண்மையிலேயே அருமையான விஷயம் வேறொன்று. ஈஸ்டர் ஞாயிறில் வேலை செய்ய மாட்டேன் என்று மறுக்கக் கடை ஊழியருக்கு உரிமை கொடுத்தார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. கோவிலுக்குப் போகிறேன், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எதையும் நிரூபிக்க வேண்டாம். அதைவிட முக்கியம், இந்த உரிமை இருக்கிறது என்பதை முதலாளியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அந்த நாளுக்கு நான்கு வாரத்துக்கு முன், எட்டு வாரத்துக்கு மேல் போகாமல், ஒவ்வொரு ஆண்டும். ஊழியர் அந்தக் கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் வர மாட்டேன் என்று சொல்லிவிடலாம். அதற்காக அவரை மோசமாக நடத்தினால் சட்டப்படி புகார் செய்யலாம்.

உரிமை இருந்தால் போதாது, அது இருப்பதாக அதைப் பயன்படுத்த வேண்டியவருக்குத் தெரிய வேண்டும். புதிதாகச் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பெண், நாட்டுக்கு வந்து ஆறு மாதமான ஒருவர், இவர்கள் சட்டப் புத்தகத்தைப் புரட்டப் போவதில்லை. முதலாளி கையாலேயே காகிதம் வர வேண்டும் என்று விதித்தது யோசித்துச் செய்த வேலை.

இருந்தாலும் குறை இருக்கிறது. அடுத்த வார ஷிப்ட் பட்டியலைப் போடுவது அதே மேலாளர்தான். வேலை நேரம் நிலையில்லாத ஊழியர் மறுத்துவிட்டு, அதற்குப் பின் இரண்டு ஷிப்ட் குறைந்தால், அது பழிவாங்கலா, வியாபாரம் மந்தமா என்று யார் நிரூபிப்பது? கடை மூடியிருக்கும் நாளில் இந்தச் சங்கடமே இல்லை. யாரும் யாரையும் கேட்க வேண்டாம், யாரும் மறுக்க வேண்டாம். முழுத் தடையின் உண்மையான பலம் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த நாட்கள் எவ்வளவு புனிதமானவை என்பது இதற்கு அப்புறம்தான்.

இன்னொரு குறை சம்பளத்தில். ஈஸ்டர் ஞாயிறு பொது விடுமுறை அல்ல என்று முன்பே சொன்னேன். அதனால் அன்று வேலைக்கு வருபவருக்குச் சட்டப்படி கூடுதல் சம்பளம் எதுவும் இல்லை. திறக்கவும் அனுமதி, கூடுதல் கொடுக்கவும் தேவையில்லை. கடைக்காரருக்கு இரண்டு பக்கமும் லாபம். 2016-இல் இதை ஏன் சரிசெய்யவில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

மற்ற ஒன்பது நாட்கள்

புத்தாண்டு, நாட்டின் தேசிய நாளான வைட்டாங்கி நாள், தொழிலாளர் நாள், 2022-இல் புதிதாகச் சேர்ந்த மாவோரி புத்தாண்டான மாத்தாரிக்கி முதலிய ஒன்பது விடுமுறைகளில் எந்தக் கடையும் திறக்கலாம். அங்கே காவல் நிற்பது 2003-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம். பொது விடுமுறையில் வேலை செய்தால் செய்த நேரத்துக்கு ஒன்றரை மடங்கு சம்பளம். அது அவருக்கு வழக்கமாக வேலை நாளாக இருந்தால், சம்பளத்தோடு இன்னொரு நாள் மாற்று விடுப்பும் உண்டு. வேலை நாளாக இருந்து, கடை மூடியிருந்தால், வீட்டிலிருந்தபடியே அன்றைய சம்பளம் கிடைக்கும்.

இந்த ஏற்பாட்டில் நியாயம் இருக்கிறது. விடுமுறையைப் பறிப்பவர் அதற்கு விலை கொடுக்கிறார். அந்த விலை கொடுத்தும் திறப்பது லாபமா என்று ஒவ்வொரு கடையும் கணக்குப் போடுகிறது; கட்டுப்படியாகாத சிறு கடைகள் தாமாகவே மூடிவிடுகின்றன. பல உணவகங்கள் விடுமுறை நாளில் பில்லோடு சுமார் 15 விழுக்காடு கூடுதலாக வாங்குகின்றன. கதவிலேயே எழுதி ஒட்டிவிடுகிறார்கள். அதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகவே படுகிறது. விடுமுறையில் இன்னொருவர் எனக்குப் பரிமாற வேண்டும் என்றால் அதன் செலவு என் பில்லில் தெரிய வேண்டும்.

சம்பளம் ஈடுசெய்யாத விஷயமும் இருக்கிறது. மாற்று விடுப்பு ஒரு புதன்கிழமை கிடைக்கிறது என்று வையுங்கள். அன்று குழந்தைகள் பள்ளியில், கணவர் வேலையில், தோழிகள் வேலையில். அந்த நாளில் துணி துவைக்கலாம், தூங்கலாம். கூடி உட்கார முடியாது. விடுமுறையின் மதிப்பில் பாதி, மற்றவர்களுக்கும் அது விடுமுறை என்பதில் இருக்கிறது. அது இல்லாதபோது ஒன்றரை மடங்கு சம்பளம் வந்தும் ஏதோ குறைகிறது. கடை திறந்தால் கடை மட்டும் திறப்பதும் இல்லை. துப்புரவுப் பணியாளர், காவலாளி, சரக்கு வண்டி ஓட்டுநர், அவரவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் யாரோ ஒருவர், எல்லாருடைய விடுமுறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது.

டிசம்பர் 26-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது பொது விடுமுறை. அதுவே ஆண்டின் மிகப் பெரிய தள்ளுபடி விற்பனை நாட்களில் ஒன்று. கிறிஸ்துமஸ் அன்று சட்டம் கொடுத்த ஓய்வு, மறுநாள் விடிகாலை ஷிப்டுக்கு அலாரம் வைப்பதோடு முடிகிறது.

திறந்தால் விற்பனை கூடுகிறதா

கடைக்காரர்களின் முக்கிய வாதம் நஷ்டம். இதில் வகை பிரித்துப் பார்க்க வேண்டும். துணி, மின்சாதனம், மளிகை இவற்றை ஒரு நாள் கடை மூடியதால் மக்கள் வாங்காமல் விடுவதில்லை. முந்தின நாள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள், அல்லது மறுநாள் வாங்குகிறார்கள். எல்லாக் கடையும் மூடியிருந்தால் பெரும்பாலான விற்பனை நாள் மாறுகிறது, அவ்வளவுதான். ஆனால் எதிர்க்கடை திறந்து நான் மட்டும் மூடினால் அது எனக்கு உண்மையான நஷ்டம். அதனால்தான் மூட விரும்பும் கடைக்காரர்கூடத் தனியாக மூடப் பயப்படுகிறார். எல்லாருக்கும் பொதுவான சட்டம் அவரையும் சேர்த்தே காப்பாற்றுகிறது. இதைக் கடைக்காரர் சங்கங்கள் அதிகம் பேசுவதில்லை.

உணவகமும் சுற்றுலாக் கடையும் வேறு. இன்று விற்காத சாப்பாடு நாளைக்கு இரண்டு சாப்பாடாக விற்காது. ஈஸ்டர் வார இறுதிக்கு மட்டும் ஊருக்கு வந்த பயணி திங்கள்கிழமை போய்விடுவார். அங்கே மூடினால் போனது போனதுதான். உணவகத்துக்கும் நினைவுப் பொருள் கடைக்கும் விலக்குக் கொடுத்தது இந்த வகையில் சரி. இணைய விற்பனைதான் புதிய தலைவலி. 1990-இல் எழுதிய சட்டம் கதவும் கல்லாவும் உள்ள கட்டடத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. மூடிய கடையின் முன் நிற்பவர் கைபேசியில் அதே பொருளை ஆர்டர் செய்துவிட்டு நடக்கிறார்.

மதத்தைப் பற்றியும் ஒரு சொல். மூன்றரையில் மூன்று கிறிஸ்தவ நாட்கள். 2023 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எந்த மதமும் இல்லை என்றவர்கள் 51.6 விழுக்காடு. அப்படியானால் இந்த நாட்களை ஏன் பூட்ட வேண்டும் என்று கேட்பது நியாயமே. 2011 முதல், முதலாளியும் ஊழியரும் பேசி ஒரு பொது விடுமுறையை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. தன் பண்டிகை வேறொரு நாளில் வருபவருக்கு அது பெரிய உதவி. அன்சாக் நாளைப் பாருங்கள். 1915-இல் கலிப்போலியில் இறங்கி, 2,700-க்கும் மேற்பட்ட நியூசிலாந்து வீரர்கள் மடிந்த போரின் நினைவு. விடியற்காலைக் கூட்டத்துக்கு எந்த மதத்தவரும் போகிறார்கள். அந்த அரை நாள் தடையை எதிர்ப்பவர்கள் மிகக் குறைவு. எந்த நாளைப் பூட்டுவது என்று இன்று புதிதாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், எல்லாரும் கூடும் நாளைத்தான் முதலில் எழுதுவேன்.

நான் மாற்றச் சொல்வது

மூன்றரை நாளை நீக்கக் கூடாது. எண்ணிக்கையைக் கூட்டவும் வேண்டியதில்லை. பன்னிரண்டு நாளும் பூட்டினால் விலக்குக் கேட்பவர் பட்டியல் சட்டத்தைவிட நீளமாகிவிடும். அபராதத்தை ஒரு கடையின் ஒரு நாள் விற்பனையோடு இணைக்க வேண்டும். ஈஸ்டர் ஞாயிறைப் பொது விடுமுறையாக்கி ஒன்றரை மடங்கைக் கொடுக்க வேண்டும். அப்போது மன்றம் அனுமதித்தாலும் திறப்பது இலவசமாக இருக்காது.

மறுக்கும் உரிமை இன்று ஈஸ்டர் ஞாயிறு என்ற ஒரே நாளோடு நிற்கிறது. மற்ற ஒன்பது நாட்களில், வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருந்து அது வழக்கமான வேலை நாளாகவும் இருந்தால் ஊழியர் வந்தே ஆக வேண்டும். அந்தக் கடிதத்தை ஒன்பது நாளுக்கும் நீட்டலாம். எழுதத் தெரிந்த அரசு, எழுதிப் பழகிய முதலாளிகள், 2016 முதல் ஓடிக்கொண்டிருக்கும் நடைமுறை எல்லாம் தயாராக இருக்கிறது. எல்லாரும் மறுத்துவிட்டால் கடை என்ன ஆகும் என்று கேட்பார்கள். ஒன்றரை மடங்கும் மாற்று விடுப்பும் வேண்டும் என்று விரும்பி வருபவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். மாணவர்கள், கடன் அடைப்பவர்கள், அந்த நாள் தனக்கு முக்கியமில்லாதவர்கள். அவர்களை வைத்துத் திறக்க முடிந்த கடை திறக்கட்டும். ஒருவரும் வர விரும்பாத கடை அன்றைக்கு மட்டும் மூடியிருக்கட்டும்.